மணவுறவும் மணிமுடியும்

'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்பது நம்மவர் பழமொழி. மொகலாயர் அரண்மனையிலோ, தம்பி உடையவனே படைக்கு அஞ்சவேண்டியவனாய் இருந்தான். உமாயூன் தன் தம்பி கம்ரானின் கண்களை 1553ஆம் ஆண்டிற் குருடாக்குவித்தான். ஷாஜகான் 1628இல் முடிசூடியபொழுது, அவன் கட்டளையால் அவனுடைய தம்பி ஷாரியாரும் அண்ணன் மகனும் உயிரிழந்தனர். பண்புடைய குடும்பத்தில் இக்கொடுமை ஏன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது?

காரணம் தீய மனம் மாத்திரமன்று. மூத்தவனுக்கே முடியென்ற விதி அவர்களிடம் இருக்கவில்லை. தைமூர் வமிசத்து மரபின்படி மன்னனின் மைந்தர் எல்லாருமே அரசுரிமை உடையவர். இளமையிலேயே ஒவ்வொருவனுக்கும் ஒரு மாகாணமும் படையும் இறைவருவாயும் அளிக்கப்பட்டன. எனவே தந்தை நோயுற்றால் மைந்தர் நால்வரும் நான்கு படைத்தலைவராயினர். வென்றவனுக்கு அரியணை, தோற்றவனுக்குச் சிறை அல்லது கல்லறை.

ஷாஜகானின் மைந்தராகிய தாரா, ஷூஜா, ஒளரங்கசீப், முராத் என்னும் நால்வரும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். தாய் மும்தாஜ் 1631இல் பதினான்காவது மகப்பேற்றின்போது புர்கான்பூரில் இறந்தாள். அப்பொழுது மூத்த மகள் ஜஹானாராவுக்கு வயது பதினேழு. அன்றுதொட்டு அரண்மனையில் தாயின் இடத்தில் இருந்தவள் அவளே. 1633இல் தாராவின் திருமணத்தை முன்னின்று நடத்தியவளும் அவளே. மணமகள் நாதிரா, முன்னர் அரசுரிமைக்குப் போட்டியாக இருந்த பர்வேஸின் மகள். பர்வேஸ் ஷாஜகானின் உடன்பிறந்தவன். நம் முறைப்படி அவ்விருவரும் அண்ணன் தங்கையாவர். அக்குலத்திலோ அவ்வாறு மணஞ்செய்தல் வழக்கே. பகைத்த கிளையை மீண்டும் குடும்பத்தோடு ஒட்டுவதற்கு அவர்கள் கண்ட வழி அதுவாகும்.

1657ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஷாஜகான் நோய்வாய்ப்பட்டான். சகோதரர் படை திரட்டினர். சகோதரிகளும் பிரிந்தனர், ஜஹானாரா தாராவின் பக்கம் நின்றாள், ரோஷனாரா ஒளரங்கசீப்பின் பக்கம் நின்றாள். 1658இல் ஆக்ராவுக்கு அண்மையிலுள்ள சாமுகரில் தாரா தோற்றான். ஒளரங்கசீப் ஆக்ராக் கோட்டைக்கு யமுனை நீர் செல்லாது தடுத்துத் தந்தையைப் பணியவைத்தான். அவ்வேளையில் ஜஹானாரா தம்பியின் பாசறைக்கே சென்று, இராச்சியத்தைச் சகோதரர்க்குப் பங்கிடுமாறு வேண்டினாள். அவன் இணங்கவில்லை. தாரா 1659இல் தில்லியிற் கொல்லப்பட்டான். ஷூஜா அரக்கான் நாட்டுக்கு ஓடி அங்கு மாண்டான். முராத் குவாலியர்க் கோட்டையிற் சிறையிருந்து 1661இல் மரணதண்டனை பெற்றான்.

ஜஹானாரா தந்தையோடு ஆக்ராக் கோட்டையிலே தங்கினாள். எட்டாண்டுகள் அவனைப் பேணியதோடு, தாயுந் தந்தையும் இழந்த தாராவின் மகள் ஜஹான்ஸேப்பையும் வளர்த்தாள். 1666இல் ஷாஜகான் இறந்தபின், ஒளரங்கசீப் தன்னை எதிர்த்து நின்ற அத்தமக்கையையே அரண்மனைப் பெண்டிருள் முதல்வியாக மீண்டும் அமர்த்திப் போற்றினான். 1669இல் ஜஹான்ஸேப்பைத் தன் மகன் ஆஸமுக்கு மணஞ்செய்வித்தான். பின்னர்த் தாராவின் மகன் சிபிருக்கும் முராத்தின் மகன் இஸ்ஸத் பக்ஷுக்கும் தன் புதல்வியர் இருவரைக் கொடுத்தான். கொன்ற தமையனின் மகள் மருமகளானாள். கொல்லப்பட்டோரின் மைந்தர் மருமக்களாயினர்.

இம்மணங்களை வெறும் சூழ்ச்சியென்று தள்ளிவிடல் தகாது. தந்தையரின் பழியைப் பிள்ளைகள் சுமக்கலாகாதென்ற எண்ணமும், எஞ்சிய உரிமையாளரைக் கண்காணிப்பில் வைத்திருக்கும் அரசியலும் அவற்றில் ஒருங்கே இருந்தன என்று நாம் கருதுகின்றோம். ஆயினும் அவை பழைய புண்ணை ஆற்ற முயன்றனவேயன்றி, புண்ணுக்கு மூலமான மரபை மாற்றவில்லை.

ஆஸமுக்கும் ஜஹான்ஸேப்புக்கும் 1670இல் பிதார் பக்த் என்னும் மகன் பிறந்தான். பாட்டன்மார் இருவரில் ஒருவன் ஒளரங்கசீப், மற்றவன் தாரா. இரு கிளைகளின் பகையும் அக்குழந்தையில் முடிந்ததென்று 1681இற் கண்மூடிய ஜஹானாரா நம்பியிருத்தல் கூடும். 1707இல் ஒளரங்கசீப் இறந்தான். அவன் மைந்தரும் முன்னோரைப் போலவே படை திரட்டினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஆக்ராவுக்கு அணித்தான ஜாஜாவ் என்னுமிடத்தில் ஆஸம் தன் தமையன் முஅஸ்ஸத்தோடு பொருது மடிந்தான். அதே களத்திற் பிதார் பக்தும் வீழ்ந்தான்.

மாணவர்கள் இப்போர்களின் ஆண்டுகளை மனனஞ்செய்யும்போது, அவற்றின் இடையே நிகழ்ந்த திருமணங்களையும் சேர்த்து நினைத்தல் நன்று. ஓர் இல்லத்திற் பாசம் குறைவில்லாதிருக்கலாம். அத்தைமார் எத்துணையோ பாடுபட்டு உறவைப் பிணைக்கலாம். ஆனால் இன்னார்க்கு இன்னது என்று முதியவர் தம் காலத்திலேயே வரையறை செய்யாவிடின், அப்பாசமெல்லாம் பங்கு கேட்கும் நாளில் நில்லாது. மொகலாயர்க்குப் பேரரசு, நமக்கோ ஒரு வளவும் ஒரு வயலும். அளவு வேறேயன்றி வழக்கு ஒன்றே.