தேக்கடி நீர்நிலையும் மன்னான் மக்களும்

காளவாசலைக் கடந்து மேற்கே தேனிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, அப்பாற் கம்பம், கூடலூர் முதலிய ஊர்களின் வழியே மலையேறிக் குமுளியை அடைகின்றது. அதனை அடுத்த தேக்கடி நீர்நிலையில் ஒருநாட் படகேறி மீண்ட மாணவர் நம்முட் பலர். ஆயினும் அவர்தம் கண்கள், கரையில் யானை தோன்றுமோ, காட்டெருமை தோன்றுமோ என நாடுமேயன்றி, அவ்விடத்திற்குரிய மக்களை நாடுவதில்லை. அம்மக்களைப் பற்றிச் சிறிது கூறுவாம்.

தேக்கடி இயற்கையான ஏரியன்று. மேற்கடலிற் கலந்த பெரியாற்று நீரை மதுரை நாட்டிற்குத் திருப்புதற்பொருட்டுப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் எடுத்த அணை 1895இல் நிறைவெய்தியது. அதன் பின்னே ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பள்ளத்தாக்கு நீருள் ஆழ்ந்தது. குன்றுகள் சில தீவுகளாயின. பட்டுப்போன மரங்கள் இன்றும் நீரினின்று நிமிர்ந்து நிற்கக் காணலாம். மலையைக் குடைந்த சுரங்கவழியே அந்நீர் கீழிறங்கி, வைகையோடு கூடி, நம் வயல்களிற் பாய்கின்றது.

அக்காட்டில் வாழ்ந்தோர் மன்னான், பளியர் முதலிய குடியினர். 1934இல் அக்காடு விலங்குகட்குப் புகலிடமாக்கப்பட்டது. 1940களில் இக்குடியினர் உட்காட்டினின்று பெயர்க்கப்பட்டுக் குமுளியருகே மன்னாக்குடி, பளியக்குடி என்னும் இடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். விலங்கிற்குப் புகல் தந்த காடு மாந்தர்க்கு அதனை மறுத்தமை வியப்பே!

மன்னான் மக்கள், தம் முன்னோர் மதுரையினின்று பாண்டியரோடு மலையேறியவர் என்பர். இதனைச் சரித்திரமெனத் துணிதற்கில்லை; எனினும் எளிதிற் றள்ளவும் மனம் ஒருப்படவில்லை. அவர்க்கு இன்றும் ஓர் அரசர் உளர். கட்டப்பனைக்கு அண்மையிலுள்ள கோவில்மலையே அவர்தம் இருக்கை. அவர்க்குப்பின் பட்டமெய்துவோர் மகனல்லர்; உடன்பிறந்தாள் மகனே. தமிழ் பயில்வார்க்கு இவற்றினும் இனியது மன்னான் கூத்து. காலாவூட்டு என்னும் அறுவடை விழாவில் ஆடப்பெறும் அக்கூத்தின் பொருள், கோவலன் கண்ணகி கதையேயாம். நாம் ஏட்டிற் கண்டு தேர்வெழுதும் கதையை அவர் எழுத்தின் துணையின்றிக் குரலாலும் அடிபெயர்ப்பாலும் காத்து வந்துள்ளனர். மங்கலதேவி கண்ணகி கோயிலும் அம்மலைக் காட்டின்மேலேயே உளது.

இவர்கள் அந்நீர்நிலையில் மூங்கிற் றெப்பமேறி மீன்பிடிக்கும் வழக்கமுடையர். விசைப்படகிற் செல்லும் அன்பர்கள், கரையோரம் தெப்பத்தில் நின்று வலையிழுப்பாரைக் காணின் உற்று நோக்குக. இறங்கியபின் வாய்ப்புண்டேல் அவரோடு உரையாடுக. அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கியதாதலின், பெரும்பாலும் நமக்கு விளங்கும்.