கார் ஷெட்டில் சர்வீஸ் பள்ளம்... வைத்துக்கொள்வதா, மூடுவதா?

கல்பாக்கம், புதுப்பட்டினம் பக்கம் பழைய வீடு வாங்குகிறீர்களா? கார் ஷெட் தரையில் பலகை போட்டிருந்தால் தூக்கிப் பாருங்கள். அடியில் ஆளுயரப் பள்ளம் இருக்கலாம். வண்டியை மேலே நிறுத்தி, கீழே நின்று ஆயில் மாற்ற வெட்டியது. வண்டியை சர்வீஸ் சென்டரில் விடும் வீட்டுக்கு அது தேவையா?

முதலில் தண்ணீர். இது கடலோர மணல் பூமி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் நிலத்தடி நீர் ஏறினால், பள்ளத்திலும் ஊறும். தேங்கிய நீரில் டெங்கு கொசு முட்டையிடும். தவழும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரே ஆபத்து.

அடுத்து, பெட்ரோல் ஆவி. அது காற்றைவிட 3 மடங்குக்கும் மேல் கனமானது. கசிந்தால் பள்ளத்தில்தான் தங்கும். சமையல் கேஸும் அப்படித்தான். ஒரு சுவிட்ச் பொறி போதும், தீப்பிடிக்க.

‘2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக்குப் பயன்படுத்தலாமே’ என்று தோன்றும். வேண்டாம். ஆண்டுக்கணக்கில் சிந்திய ஆயில் கிணற்று நீரில் கலக்கும்.

மூடுவதே நல்லது. ஆயில் கசடை முழுக்கச் சுரண்டி எடுங்கள். நீர் தேங்காமலிருக்க அடித்தளத்தில் துளைகள் போடுங்கள். 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்காக கிராவல் கொட்டி, நீர் தெளித்து, திமிசால் இறுக்குங்கள். மேலே கான்கிரீட். மொத்தமாகக் கொட்டினால், கார் ஏறியதும் தரை இறங்கும்.

வைத்துக்கொள்வதானால், காரின் எடை தாங்கும் இரும்பு கிரில் மூடியும் பூட்டும் அவசியம். திறந்து காற்றாட விட்ட பிறகே இறங்குங்கள், தனியாக வேண்டாம். மேலே இன்ஜின் ஓடவே கூடாது.