ஒன்றும் தெரியாத குழாய் எதற்கு?



ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வரும் சபையார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரே நோயாளியின் மாதிரிக்கு ஏன் இத்தனை குழாய்கள்? இவற்றில் சிலவற்றில் சாயமே இல்லையே, இது வீண் செலவல்லவா?" காணிக்கை கொடுப்பவர்கள் கணக்குக் கேட்பது நியாயமே. நாங்கள் இறையியல் கற்றவர்களேயன்றி விஞ்ஞானிகள் அல்லர். ஆயினும் ஆய்வுக்கூடத்தாரிடம் பலமுறை கேட்டறிந்ததை இங்கே எளிய முறையில் எழுதுகிறோம்.

நமது உடல் நோய்க்கிருமிகளை எதிர்க்க எதிர்ப்பொருள்கள் என்னும் புரதங்களை உண்டாக்குகிறது. பூட்டுக்கேற்ற சாவி போல ஒவ்வொரு எதிர்ப்பொருளும் தனக்குரிய இலக்கைத் தேடிப் பற்றிக்கொள்ளும். அந்தச் சாவியில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், அது எங்கே ஒட்டியது என்பதைக் கண்ணால் காணலாம் அல்லவா? 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும், நிமோனியாவை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளில் ஒளிரும் பொருளை இணைத்துக் காட்டினார்கள். 1975ஆம் ஆண்டு கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வழியைக் கண்டறிந்தனர். அதற்காக 1984இல் நோபல் பரிசும் பெற்றனர். இன்று வெள்ளணுக்களின் மேலுள்ள அடையாளங்களுக்கு சி.டி.3, சி.டி.4, சி.டி.8 என்று எண்கள் இட்டு, சாயமேற்றிய எதிர்ப்பொருள்களால் அவற்றை இனம் பிரிக்கிறார்கள்.

நுரையீரலின் அணுக்களைப் பெற, மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீரை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். புகைபிடிக்காத ஆரோக்கியமான ஒருவரிடம் இவ்விதம் கிடைக்கும் அணுக்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கும் அணுக்கள். நாம் சுவாசிக்கும் தூசியையும் கிருமியையும் விழுங்கி நம்மைக் காப்பவை இவையே. ஆனால் ஆய்வாளரை ஏமாற்றுபவையும் இவையே!

முதலாவது, இவை சாயம் பூசாமலே ஒளிரும். புகைபிடிப்பவரின் நுரையீரலில் இந்த ஒளிர்வு இன்னும் அதிகம். இரண்டாவது, எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் இவற்றின் மேல் உள்ளன. ஆகவே சாவி பூட்டில் நுழையாமலே அணு நிறம் பெற்றுவிடும். மூன்றாவது, இறந்த அணுக்கள் எந்தச் சாயத்தையும் ஒட்டவைத்துக்கொள்ளும்.

இவ்வாறு ஏமாறாதிருக்கவே "கண்ட்ரோல்" எனப்படும் ஒப்பு மாதிரிகளை வைக்கிறார்கள். சாயமே சேர்க்காத ஒரு குழாய், அணுக்களின் சொந்த ஒளிர்வைக் காட்டும். அது அதே நோயாளியின் நுரையீரல் அணுக்களாகவே இருக்கவேண்டும். இரத்த அணுக்களை அதற்குப் பதிலாக வைக்கலாகாது. கொக்கிகளை முன்னதாகவே அடைத்துவிட ஒரு மருந்து சேர்ப்பார்கள். இலக்கு ஏதுமில்லாத, அதே இனத்தைச் சேர்ந்த எதிர்ப்பொருளைச் சேர்த்த மற்றொரு குழாய், வீணாக ஒட்டுவதைக் காட்டும். இறந்த அணுக்களை விலக்கத் தனிச்சாயம் உண்டு. பல நிறங்களைச் சேர்க்கும்போது ஒரு நிறத்தின் ஒளி மற்றொன்றில் கசியும். அதை அளக்க ஒற்றை நிறக் குழாய்களும், ஒவ்வொரு நிறத்தை மட்டும் விட்டுவிட்ட குழாய்களும் வேண்டும். இவை தவிர, நிச்சயமாக நிறமேற வேண்டிய ஒரு மாதிரியும் வைக்கவேண்டும். திசுச் சோதனையில் இதற்குத் தொண்டைச் சதையைப் பயன்படுத்துவதுண்டு. அதுவே நிறம் பெறாவிட்டால் எதிர்ப்பொருள் கெட்டுவிட்டது என்று சந்தேகிக்கவேண்டும். "இல்லை" என்ற முடிவையும் அப்போது நம்ப முடியாது.

வேதத்தில் கிதியோனின் ஆட்டுத்தோல் சம்பவத்தை நாம் அறிவோம். முதல் இரவில் தோல் மட்டும் நனைந்தது. மயிருள்ள தோல் இயல்பாகவே பனியை வாங்கும் என்று ஒருவர் சொல்லக்கூடும் அல்லவா? மறு இரவில் நிலம் நனைந்து தோல் காய்ந்திருந்தபோது அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமற் போயிற்று. ஒப்பு மாதிரியின் வேலையும் இதுவே.

இதனால் நோயாளிக்கு என்ன? சார்கோயிடோசிஸ் என்னும் நோயும் காசநோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். கழுவிய நீரில் சி.டி.4 அணுக்கள் சி.டி.8 அணுக்களைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், அது சார்கோயிடோசிஸ் பக்கம் சாயும் ஒரு சாட்சி. அந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை, காசநோய் மருந்தின்றிக் காசநோயாளிக்குக் கொடுத்தால் நோய் பெருகும். ஆகையால் இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் தீர்மானிப்பதில்லை. ஆயினும் அந்த எண் பொய்யாக இருக்கலாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்கூடத்தில், சிக்கனம் கருதி, சாயமில்லாத குழாயை விட்டுவிட்டார்கள். நோயாளியோ நெடுநாள் பீடி குடித்தவர். சி.டி.4 அணுக்களுக்குப் பச்சைச் சாயம் இட்டிருந்தார்கள். பார்த்த அணுக்களெல்லாம் பச்சையாகவே மின்னின. "அறிக்கை தர இயலாது" என்றார் மருத்துவர். வெளியே காத்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்து, "ஏதாவது சொல்லி அனுப்பக்கூடாதா?" என்று நாங்களே கேட்டோம். அவர் மறுத்துவிட்டார். அந்த மனிதர் மறுபடியும் குழாயை விழுங்கவேண்டியதாயிற்று. இரண்டாம் முறை சாயமில்லாத குழாயும் வைத்தார்கள். அதுவும் ஏறக்குறைய அதேபோல் மின்னியது! முதல் நாள் கண்டது நோயின் அடையாளமல்ல, பீடிப் புகையின் மிச்சமே. ஒரு குழாயை மிச்சப்படுத்தியதால், இளைத்துப்போன ஒரு மனிதர் இருமுறை வேதனைப்பட்டார். நாங்கள் கேட்டபடி ஏதாவது சொல்லி அனுப்பியிருந்தால் அதைவிடப் பெரிய தீங்கு நேர்ந்திருக்கும்.

ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது, "ஒன்றும் தெரியாத குழாய் எது?" என்று கேளுங்கள். அதைக் காட்ட முடிந்தால், மற்றக் குழாய்கள் சொல்வதையும் நம்பலாம்.