ஒன்பது நாள் பறந்த வாயேஜர்

நடுவில் எங்கும் இறங்காமல், வானில் எரிபொருள் வாங்கிக்கொள்ளாமல், உலகைச் சுற்றிவந்த முதல் விமானம் வாயேஜர். வியாழனைத் தாண்டிச் சென்ற வாயேஜர் விண்கலங்கள் வேறு. இது பிஸ்டன் எஞ்சினில் ஓடிய விமானம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் இதைப் பாதுகாக்கிறது.

தூரம் கூடக்கூட எரிபொருள் கூடும். அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். இந்தச் சிக்கலால்தான் அதற்குமுன் இருந்த சாதனை, 1962-இல் பி-52 குண்டுவீச்சு விமானம் பறந்த சுமார் 20,000 கிலோமீட்டரோடு நின்றிருந்தது. வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் உலோகத்தைக் கூடியவரை ஒதுக்கினார். தேன்கூடு போன்ற தாள் அடுக்கின் இருபுறமும் கரியிழைத் தகடு ஒட்டி விமானத்தின் உடல் உருவானது. எஞ்சின்களோடு சேர்த்து வெற்று எடை ஏறத்தாழ 1,020 கிலோ. ஏற்றிய எரிபொருளோ 3,180 கிலோ. இறக்கை, முன்சிறகு, இருபுறமும் நீண்ட குழல்கள் என எங்கும் தொட்டிகள், மொத்தம் 17. சமநிலை குலையாதபடி எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை வழிநெடுகக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின்கள் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. சுமை குறைந்ததும் முன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின் எஞ்சினில் மட்டும் பறப்பது திட்டம்.

1986 டிசம்பர் 14 காலை, கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். 33.8 மீட்டர் இறக்கை எரிபொருளின் கனத்தில் தொங்கி, நுனிகள் ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன. 4.6 கிலோமீட்டர் பாதையில் 4.3 கிலோமீட்டர் ஓடிய பிறகே சக்கரங்கள் எழும்பின. சிதைந்த நுனித்தகடுகள் சற்று நேரத்தில் காற்றில் பிய்ந்து விழுந்தன. ஆனாலும் விமானிகள் டிக் ருட்டானும் ஜீனா யேகரும் திரும்பவில்லை.

படுக்கவைத்த தொலைபேசிக் கூண்டளவுதான் அறை. ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில் படுத்திருப்பார். இடம் மாற ஒருவர்மேல் ஒருவர் ஊர்ந்துதான் ஆகவேண்டும். காதைப் பிளக்கும் எஞ்சின் இரைச்சல் வேறு. பசிபிக்கில் மார்ஜ் சூறாவளியின் ஓரமாகப் போய் அதன் காற்றையே உந்துதலாக்கிக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவில் இடிமேகங்களை விட்டு விலகி வளைந்தார்கள். வீடு நெருங்கிய கடைசி இரவில், மெக்சிகோ கரையை ஒட்டி, எரிபொருள் வராமல் பின் எஞ்சின் நின்றுபோனது. எஞ்சினே இல்லாமல் விமானம் சறுக்கிக்கொண்டிருக்க, முன் எஞ்சினை இயக்கி மீண்டார்கள்.

டிசம்பர் 23 அன்று அதே தளத்தில் இறங்கியபோது 9 நாள், 3 நிமிடம், 44 நொடி ஆகியிருந்தது. அங்கீகரிக்கப்பட்ட தூரம் 40,212 கிலோமீட்டர். தொட்டிகளில் மிஞ்சியிருந்த எரிபொருள் 48 கிலோ.