கயிறு அறுந்தும் ஆட்டம் நிற்கவில்லை!
தெருவில் வித்தை காட்டிய கரடிகள் மறுவாழ்வு பெற்ற கதை

எடப்பாடி,

டும்... டும்... டும்...

உடுக்கைச் சத்தம் கேட்டால் போதும். சந்தைக்கு வந்த ஜனம் காய்கறிப் பையோடு வட்டம் கட்டி நின்று விடும். நடுவில் ஒரு கரடி. அதன் மூக்கில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் வித்தைக்காரர். அவர் கயிற்றைச் சுண்டியதும் கரடி பின்னங்காலில் எழும்பி நிற்கும். குதிக்கும். சலாம் போடும். துண்டு விரித்தால் பத்துப் பைசா, நாலணா என்று காசு விழும். பயந்த பிள்ளைகளுக்கு கரடி முடி வைத்த தாயத்து தனி வியாபாரம்.

எடப்பாடி, கொங்கணாபுரம், மேட்டூர் பக்கத்துப் பெரியவர்களிடம் கரடி வித்தை என்றால் என்ன என்று விளக்க வேண்டியது இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. தெரியாமல் போனதும் நல்லதுதான்!

அந்தக் கரடிகள் எல்லாம் எங்கே போச்சு? ஒரு பகுதி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேலத்தில் பெங்களூர் பஸ் ஏறி ஓசூரைத் தாண்டினால், ஊருக்குத் தெற்கே பன்னார்கட்டா காடு. அங்கே கரடிகளுக்கு என்றே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கு நடந்ததைக் கேட்டால் கல் மனசும் கரையும்.

ஆட்டம் அல்ல, வலி!

கரடி ஆடியது மேளத்துக்கு அல்ல. வலிக்கு.

காட்டுக்குள் தாய்க் கரடியைக் கொன்று விட்டு, பிறந்து சில வாரங்களே ஆன குட்டியைத் தூக்கி வருவார்கள். வித்தைக்காரர்களுக்கு விற்பார்கள். குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூக்கைத் துளைத்து கயிறு கோர்ப்பார்கள். மயக்க ஊசி எல்லாம் கிடையாது. கடிக்கக் கூடாது என்று கோரைப் பல்லை அடித்து உடைப்பார்கள். அந்தப் புண் ஆறவே ஆறாது. ஆற விடுவதும் இல்லை. கயிற்றைத் தொட்டாலே உயிர் போகும். அதனால்தான் சுண்டியதும் எழுந்து நின்றது.

காட்டில் கரையான், எறும்பு, தேன், பழம் என்று தின்று வளர வேண்டிய மிருகம். தெருவில் அதற்குக் கிடைத்தது ரொட்டித் துண்டும் கஞ்சியும். பல கரடிகள் வளர்ச்சி குன்றின. சிலவற்றுக்குக் கண் பார்வை போனது. காசநோய் பிடித்தவையும் உண்டு.

இதைச் செய்தவர்கள் கலந்தர் என்ற நாடோடிச் சமூகத்தினர். மொகலாயர் காலத்தில் இருந்தே அவர்களுக்கு இதுதான் பிழைப்பு. கையில் வேறு தொழிலும் இல்லை, நிலமும் இல்லை. 1972-ம் ஆண்டிலேயே வன உயிரின பாதுகாப்புச் சட்டம் வந்து விட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கரடி தெருவில் ஆடிக் கொண்டிருந்தது! 1996-ல் நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 1,200 கரடிகள் இப்படி ஆடுவதாகத் தெரிய வந்தது.

ஒப்படைத்தால் பணம்

கரடியைப் பிடுங்கிக் கொண்டு ஆளை ஜெயிலில் போட்டால் என்ன ஆகும்? அவன் வெளியே வந்து இன்னொரு குட்டி வாங்குவான். இன்னொரு தாய்க் கரடி சாகும். இதை யோசித்துத்தான் வேறு வழி பிடித்தார்கள்.

கார்த்திக் சத்யநாராயண், கீதா சேஷமணி இருவரும் 1995-ல் தொடங்கிய 'வைல்ட்லைப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பு இதில் இறங்கியது. கரடியை ஒப்படைத்து, இனி இந்தத் தொழில் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வேறு தொழிலுக்கு முதல் பணம். பிள்ளைகளுக்குப் படிப்பு. ஆட்டோ ஓட்டப் போனவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு. கரடிகளைப் பராமரிக்கும் வேலைக்கே வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

2002-ம் ஆண்டு டிசம்பரில் ஆக்ரா மையத்துக்கு முதல் கரடிகள் வந்தன. பிறகு பன்னார்கட்டா, போபால் என்று மையங்கள் பெருகின. 600-க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. கடைசியாக வந்தது ராஜு என்ற கரடி. 2009-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அதன் மூக்குக் கயிறு அறுக்கப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடம் பன்னார்கட்டா.

கயிறு அறுந்த பிறகு...

பத்திரிகைகளில் படம் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

மயக்க ஊசி போட்டு கயிற்றை வெட்டி எடுப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அழுகிய மூக்கைச் சுத்தம் செய்வார்கள். உடைந்த பல்லின் வேரை எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை நடக்கும். தொற்று நோய் இருந்தால் மற்ற கரடிகளுக்கு ஒட்டாமல் இருக்க தனி அறையில் வைத்துப் பார்ப்பார்கள். வயிற்றுக்கு தானியக் கஞ்சி, பால், முட்டை, தேன், பழம்.

புண் ஆறி விடும். உடம்பும் தேறி விடும். ஆனால் கரடி ஆடிக் கொண்டே இருக்கும்! கயிறு இல்லை, உடுக்கை இல்லை, ஆளும் இல்லை. நின்ற இடத்திலேயே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். போன தடத்திலேயே சுற்றிச் சுற்றி வரும். வருஷக் கணக்கில் கட்டிப் போட்டதால் வந்த மனக் கோளாறு இது. இதற்கு மாத்திரை மருந்து கிடையாது.

இருக்கும் ஒரே வைத்தியம் வேலை கொடுப்பது! தட்டில் வைத்துத் தின்னக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்து விடும். அப்புறம் நாள் முழுக்க ஆட்டம்தான். அதனால் மரக்கட்டையில் ஓட்டை போட்டு உள்ளே பேரீச்சம்பழத்தை ஒளித்து வைக்கிறார்கள். கட்டைகளில் தேன் தடவுகிறார்கள். ஏற மேடை, ஆட ஊஞ்சல், தோண்ட மண் என்று ஏற்பாடு செய்கிறார்கள். கரடிக்கு மேல் வரிசையில் நடுப்பல் இரண்டு இயற்கையிலேயே கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை உறிஞ்சும். தெருக் கரடிக்கு அந்த வேலையே வாய்த்தது இல்லை. இங்கே வந்துதான் மண்ணைத் தோண்டவும், உறிஞ்சவும் பழகுகிறது. தாய் கற்றுக் கொடுக்க வேண்டிய பாடம் அது. மேய்ப்பாள் கற்றுக் கொடுக்க வேண்டி இருக்கிறது.

துணை கிடைத்தது

அடுத்தது கூட்டாளி. இங்கேதான் ஒரு வேடிக்கை. காட்டில் வளர்ந்த கரடி தனியாகத்தான் திரியும். தாயும் குட்டியும் மட்டுமே சேர்ந்து இருக்கும். அந்தத் தாயையே பறி கொடுத்த இந்தக் கரடிகளோ, மறுவாழ்வு மையத்தில் கூட்டமாக வாழ்கின்றன!

முதல் நாளே ஒன்றாக விட்டு விட மாட்டார்கள். நடுவில் கம்பி இருக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மோந்து பார்க்கும், உறுமும். அந்த உறுமல் அடங்கிய பிறகுதான் கதவு திறக்கும். மனுஷன் கையைத் தவிர வேறு எதையும் அறியாத மிருகம், தன் இனத்தோடு முதல் முறையாகக் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறது. விளையாட்டுச் சண்டைதான். பகலில் மரங்கள் உள்ள வேலிக்குள் திரிந்து விட்டு, சாயங்காலம் கொட்டடிக்குத் திரும்புகின்றன.

எல்லாக் கரடியும் ஆட்டத்தை மறந்து விடுவது இல்லை. சில கரடிகள் கடைசி வரை தலையை ஆட்டிக் கொண்டேதான் இருக்கும். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அப்படியானால் காட்டில் விட்டால் என்ன? முடியாது. கடிக்கப் பல் இல்லை. குட்டிப் பருவத்தில் தாயோடு திரிந்து இரை தேடிப் பழகவும் இல்லை. மனுஷ வாடை அடித்தால் ஓடுவதற்குப் பதில் கிட்டே வரும். நேராக ஏதாவது கிராமத்துக்குள் நுழைந்து அடி வாங்கிச் சாகும். காசநோய் இருந்தால் காட்டுக் கரடிகளுக்கும் பரவும். ஆகவே சாகிற வரை கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். கரடிக்கு ஆயுசு கெட்டி. நன்றாகப் பார்த்துக் கொண்டால் 20, 25 வருஷத்துக்கு மேலேயும் இருக்கும். மீட்பது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது கால் நூற்றாண்டுச் செலவு!

சேலத்து ராஜேஸ்வரி

எல்லா மிருகத்துக்கும் இப்படி இரண்டாவது வாழ்வு கிடைத்து விடுவதில்லை. சேலம் சுகவனேஸ்வரர் கோவில் யானை ராஜேஸ்வரியை இந்தப் பக்கத்து ஜனம் மறந்திருக்க முடியாது. கால் பழுதுபட்டு வருஷக் கணக்கில் அவதிப்பட்டது. வைத்தியம் நடந்தது. கடைசியில் எழுந்து நிற்கவே முடியாமல் படுத்த படுக்கையாகி விட்டது. டாக்டர்கள் சான்று கொடுத்தால் கருணைக் கொலை செய்யலாம் என்று 2018 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு அனுமதி கொடுத்தது. ஊசிக்கு வேலை வைக்காமல் சில நாளில் அதுவே போய்ச் சேர்ந்தது. ஜனம் மாலையோடு திரண்டு வந்து அழுதது.

தாயத்து வாங்கினால் கேஸ்!

சர்க்கஸ் கூடாரத்திலும் இப்போது கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் கிடையாது. 1998-ல் மத்திய அரசு தடை போட்டது. சர்க்கஸ் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு அரசு பக்கம் தீர்ப்பு சொல்லி விட்டது. இந்த மிருகங்களுக்குப் புகலிடம் கொடுத்த இடங்களில் சென்னை வண்டலூரும் ஒன்று.

தெருவில் கரடி ஆட்டம் நின்று விட்டாலும் கரடி மேல் உள்ள ஆசை நிற்கவில்லை. பித்தப்பைக்காகவும் நகத்துக்காகவும் இன்னமும் வேட்டை நடக்கிறது. கரடி, புலியோடு சேர்ந்து சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பிராணி. அதைப் பிடித்தாலோ, கொன்றாலோ 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில். அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய்.

பிள்ளை ராத்திரியில் பயந்து அலறுகிறது என்று யாராவது கரடி முடித் தாயத்து, கரடி நகம் என்று நீட்டினால் கை நீட்டி வாங்க வேண்டாம். விற்கிறவர் மட்டும் அல்ல, வாங்கி இடுப்பில் கட்டுகிறவரும் வன இலாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.