50 ஆண்டு கடந்த புல்லட்: ‘விண்டேஜ்’ பதிவு பெற்றால் நெடும்பயணம் செல்லலாமா?

கொல்கத்தா: தென்னிந்தியர்கள் பல தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட்டிலிருந்து திகா கடற்கரைக்கு 1960-களின் புல்லட்டில் செல்ல விரும்புவோர், முதலில் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பது நல்லது.

மத்திய அரசு 2021 ஜூலையில் திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் ரூ.20,000. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால், சட்டகத்திலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. செப்பனிடும் ஆர்வத்தில் வண்டியின் மூல வடிவத்தையே மாற்றியவர்களுக்கு இப்பதிவு கிடைக்காது.

பெரிய சிக்கல் பயன்பாட்டில் உள்ளது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் வாகனப் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியும். திகா சுற்றுலா இப்பட்டியலில் வராது.

வழக்கமான பதிவில் இக்கட்டுப்பாடு இல்லை. 15 ஆண்டுகளுக்குப் பின், ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். எனினும், கொல்கத்தா, ஹவுராவில் 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் படிப்படியாக விலக்குமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் உத்தரவிட்டதையும் இவ்வழியைத் தேர்ந்தெடுப்போர் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.