ஐந்தாம் வகுப்பு முடிந்தால் எந்த ஊர்?

ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகள் ஒரே படிப்பில் சேர்வதில்லை. வீட்டுச் சூழல் மதிப்பெண்ணைப் பாதிப்பது ஒன்று, அதே மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எதுவரை படிக்கத் துணிவது என்பது வேறொன்று எனப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரேமோன் பூதோன் 1970களில் பிரித்துக் காட்டினார். மதிப்பெண் சமமாக இருந்தால், குடியேறியவர்களின் பிள்ளைகளே உள்ளூர்ப் பிள்ளைகளைவிட மேல்படிப்புக்குத் துணிகிறார்கள் என்று ஐரோப்பாவில் நடந்த பல ஆய்வுகள் சொல்கின்றன. பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பியவர்களுக்குப் பிள்ளையாவது மேலே வரட்டும் என்ற தவிப்பு இருக்கத்தானே செய்யும்.

கொச்சியில், எர்ணாகுளத்திலிருந்து வெலிங்டன் தீவுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டை ஒட்டியிருக்கிறது வாத்துருத்தி. தமிழகத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே நெருக்கமாக வாழ்கின்றன. அந்தத் தவிப்பு இங்கும் உண்டு. குறுக்கே நிற்பது காகிதம். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிச் சான்றிதழை வைத்து, குடிபெயர்ந்த மாநிலத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. சொந்த ஊரோ வேறு கணக்குப் போடுகிறது. தமிழகத்தில் 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள்ஒதுக்கீடும், 2022-இல் தொடங்கிய, கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதல் அந்த மாநில அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென வந்தவை. ஆகவே பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போதே பாட்டி வீடா, கொச்சியா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

மொழியும் ஒரு தடை. தெருவில் தடங்கலில்லாமல் மலையாளம் பேசும் தமிழ்ப் பிள்ளை, வகுப்பில் சொல்வதெழுதும்போது திணறுகிறது. தமிழின் ஒரே ‘க’ இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள். எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் புலம்பெயர்ந்த பிள்ளைகளின் தாய்மொழி வழியே மலையாளம் கற்பிக்கிறது. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் வடமாநிலப் பிள்ளைகள் மீதே.

வழிகாட்ட ஆள் இல்லாததும் ஒரு தடை. உள்ளூர்க்காரரின் முடிவும் முழுக்கச் சுயமானதல்ல. மலையாளி வீட்டுப் பெண் நர்சிங் எடுக்கிறாள் என்றால், வளைகுடாவில் நர்சாக இருக்கும் ஒரு சித்தியோ அத்தையோ எந்தத் தேர்வு, எவ்வளவு செலவு, யாரைப் பார்ப்பது என்று சொல்லியிருப்பார். வாத்துருத்தியில் அப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் நிலை வேறு. முன்னோர் காலனி ஆட்சியில் ராணுவ உடுப்பு துவைக்க வந்தவர்கள். இவர்களின் பிள்ளைகள் துவைகல்லை விட்டு வேறு வேலைகளுக்குப் போகிறார்கள். திரும்பிப் போக ஊர் இல்லாததால், எந்த மாநிலத்தில் படிப்பது என்ற கேள்வியே இவர்களுக்கு எழுவதில்லை.